இறங்க ஏலுமோ என்று யாரும் கேட்பதில்லை

எங்கள் வீட்டு மேல்மாடிக்குப் பதினைந்து படி. ஒவ்வொன்றும் 8 அங்குல உயரம். அதை வரைந்தவன் நான், பக்கத்தில் நின்று கட்டுவித்தவன் நான், இப்போது ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நண்டுபோல இறங்குபவனும் நான்தான். நண்டு என்றது என் பேத்தி. "அம்மப்பா, நீங்க ஏன் நண்டு மாதிரி இறங்குறீங்க?" என்று கீழே நின்று கேட்டாள். ஐந்து வயது. என் முழங்காலைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

முதலில் அந்தப் படியின் கதை. ஓய்வு பெறும்வரை நான் அரச கட்டட வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். டீ.ஓ. என்றால்தான் ஊரில் விளங்கும். 1998இல் திருகோணமலை உவர்மலையில் எங்கள் சின்னக் காணியில் மேல்மாடி போட்டபோது தரைக்கும் தட்டுக்கும் இடையில் 10 அடி. ஒழுங்காக 18 படி வைத்திருந்தால் ஒன்று ஏழு அங்குலத்துக்கும் குறைவாக வந்திருக்கும். மிதிக்கும் அகலம் 11 அங்குலம் என்று வைத்தால் பதினைந்தரை அடி நீளம் வேண்டும், அதற்குக் குசினிச் சுவர் இடைஞ்சல். சரி என்று படியைப் பதினைந்தாக்கி, மிதியை 9 அங்குலமாக்கி, பத்தரை அடிக்குள் அடக்கிவிட்டேன். ஐந்து அடி மிச்சம் பிடித்த கெட்டித்தனத்தை மேசனிடம் சொல்லிப் பெருமையும் அடித்தேன். அந்த மனுசன் மட்டும், "ஐயா, கொஞ்சம் செங்குத்தாத் தெரியுது" என்றார். நான் கணக்கைக் காட்டினேன்.

கணக்கு சரிதான், அதுதான் வேடிக்கை. இரண்டு படி உயரத்தையும் ஒரு மிதி அகலத்தையும் கூட்டினால் 24, 25 அங்குலம் வரவேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா புளொண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மனிதக் காலடியின் நீளத்தை வைத்துச் சொன்ன விதி அது. 8ம் 8ம் 9ம் இருபத்தைந்து. விதி என்னைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டது. ஆனால் அந்த விதிக்குக் காலடி மட்டும்தான் தெரியும். ஒரு முழங்கால் எவ்வளவு மடங்கவேண்டும், எவ்வளவு நேரம் மடங்கியபடியே ஆளைத் தாங்கவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இல்லை. முப்பத்தாறு வயதில் எனக்கும் அது தோன்றவில்லை.

என் நோ வலது முழங்காலில். 1987இல் கட்டட வேலைச் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து ஒரு மாதம் வீங்கிக் கிடந்த அதே கால். இளமையில் பலமாக அடிபட்ட முழங்காலுக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் தொடங்கியது. காலையில் எழும்பினால் ஒரு பத்து நிமிட விறைப்பு, நடக்க நடக்க விட்டுவிடும். பின்னேரம் டச்பே கடற்கரையில் ஒரு மணி நேரம் நடப்பேன், ஒன்றும் செய்யாது. மேல்மாடியில் காய்ந்த உடுப்பை அள்ளிக்கொண்டு இறங்கும்போது மட்டும் முழங்கால் சிரட்டைக்குக் கீழே உட்பக்கம் ஒரு குத்து.

நடக்கும்போது நோகாத கால் எப்படி வருத்தக்காரக் காலாகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி ஒரு வருடத்தை ஓட்டினேன். இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் தரவுகளை எடுத்து, முழங்கால் நோ முதலில் எந்த வேலையில் தலைகாட்டுகிறது என்று 2015இல் பார்த்திருக்கிறார்கள். நடப்பது, நிற்பது, இருப்பது, படுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் படிதான் வந்தது. படியில் மட்டும் நோகிறது என்றால் அது சில்லறை விஷயம் அல்ல, தொடக்கமாக இருக்கலாம். நான் அதைச் சில்லறையாக எண்ணினேன். பஸ் மிதிபலகையில் ஏறும்போது நொந்தது, அதற்கும் பஸ்காரனைத்தான் திட்டினேன்.

என்னைவிட முதலில் கண்டுபிடித்தவள் மனைவி, அதுவும் காதால். குசினியில் இருந்தபடியே, "இஞ்சருங்கோ, உங்கட கால் சத்தம் மாறிப்போச்சு" என்றாள். முன்பு டக், டக், டக் என்று ஒரே சீராக இறங்குவேனாம். இப்போது டக், தொம். டக், தொம். இடக்கால் படியில் விழும்போது தொம். நோவது வலது கால், சத்தம் போடுவது இடது கால். எனக்கு இது பிடிபடவே இல்லை. "உனக்குத் தேங்காய் துருவுற சத்தத்திலை எல்லாம் அப்படித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று விளங்கவைத்தவர் ஒரு பிசியோதெரபி பிள்ளை. என் மகளைவிட வயது குறைவு. ஒரு மரப்பலகைப் படியைத் தூக்கி வைத்து, "ஐயா, இதிலை நின்று இடது காலை மெதுவா நிலத்தில வையுங்கோ" என்றார். ஆறு அங்குலம்தான் இருக்கும். வைத்தேன். தொம். "திரும்ப, இன்னும் மெதுவா." திரும்பவும் தொம். என் கைத்தொலைபேசியை வாங்கி முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை படம் பிடித்துக் காட்டினார். நாற்பது வருடம் மற்றவன் கட்டின சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த கண்ணுக்குத் தன் உடம்பின் சாய்வு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையும் நெஞ்சும் வலப்பக்கம் சரிந்து நோகும் காலுக்கு மேல் போய் நிற்கிறது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது, பாதி வழியில் விட்டுவிடுகிறது. மிச்ச உயரத்தை இடது கால் விழுந்தே கடக்கிறது. அந்த விழுகைதான் தொம்.

படியில் இறங்குவது என்றால் கீழே போகும் கால்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். மேல்படியில் நிற்கும் கால்தான் முழு ஆளையும் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல மடங்கவேண்டும். கிணற்றில் வாளி இறக்கியவர்களுக்கு இது லேசாக விளங்கும். தண்ணீரோடு வாளியை இழுக்கும்போது கை களைக்கும். நிறைந்த வாளியைச் சத்தமில்லாமல் கீழே இறக்கவேண்டும் என்றால் கயிற்றைப் பிடித்தபடியே விடவேண்டும், விட்டபடியே பிடிக்கவேண்டும். முன்தொடைத் தசை படியிறங்கும்போது செய்வது அந்த வேலைதான்: இழுத்துக்கொண்டே நீளுகிறது. சிரட்டை என்று நாங்கள் சொல்லும் முழங்கால் சில்லுதான் அங்கே கப்பி. தொடைத்தசையின் இழுவை அதற்கு மேலால்தான் போகிறது, கால் மடங்க மடங்கச் சில்லு தொடை எலும்போடு இறுக அழுத்தப்படுகிறது. பிடி தளர்ந்தவன் என்ன செய்வான்? கயிற்றை விட்டுவிடுவான். வாளி தொம் என்று விழும்.

எவ்வளவு பாரம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே இருக்கிறார்கள். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையில் வைக்கும் செயற்கை மூட்டுக்குள் அளவுக் கருவியைப் பதித்து, ஐந்து பேரை நடக்கவும் ஏறவும் இறங்கவும் விட்டு ஜெர்மனியில் எடுத்த கணக்கு 2010இல் வெளிவந்தது. சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் உச்ச விசை உடல் எடையின் ஏறத்தாழ 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. ஐந்தே பேர், அதுவும் செயற்கை மூட்டுக்காரர், ஆகவே உங்களுக்கும் எனக்கும் அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் என் 74 கிலோவை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். நடந்தால் நாலு பை சீமெந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏறினால் நாலேமுக்கால் பை. இறங்கினால் ஐந்து பை. ஒவ்வொரு படிக்கும் ஐந்து பை சீமெந்து ஒரு முழங்காலில், அதுவும் மடங்கிய முழங்காலில். சைட்டில் ஒரு கூலியாளை அப்படி வேலை வாங்கினால் அடுத்த நாள் வரமாட்டான்.

ஏறும்போது உடம்பு வேறொரு தந்திரம் செய்கிறது. அதை விளக்கத் தூக்குக்குண்டு போதும். மேல்படியில் காலை வைத்து எழும்பும்போது என் உடற்பாரத்தின் நடுவிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் அது முழங்காலுக்குப் பின்னால் விழும். முழங்காலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி கூடக் கூடத் தொடைத்தசை கூடுதலாக இழுக்கவேண்டும், மூட்டு கூடுதலாக நசிபடும். என்ன செய்கிறேன்? முன்னால் குனிகிறேன். நூல் முழங்காலை நெருங்கி வருகிறது, முழங்காலின் வேலை குறைகிறது. குறைந்த வேலையை இடுப்பும் பின்பக்கத் தசைகளும் வாங்கிக்கொள்கின்றன. வயதானவர்கள் படியேறும்போது கூனிக்கொண்டு, ஒரு கையால் தொடையை ஊன்றி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். முதுகு வளைந்துவிட்டது என்று நினைப்போம். பல நேரம் முதுகில் ஒரு குறையும் இருக்காது, முழங்காலுக்காக முதுகு குனிந்து கொடுக்கும்.

பக்கவாட்டுச் சாய்வும் அதே கணக்கில்தான் வருகிறது. மூட்டுத் தேய்வாதம் பெரும்பாலும் முழங்காலின் உட்பக்க அறையைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், காலும் மெல்ல வில்லாக வளையத் தொடங்கும். நோகும் காலின் பக்கம் நெஞ்சைச் சாய்த்தால் உட்பக்கத்தில் விழும் பாரம் கொஞ்சம் குறையும். பாதத்தை வெளியே திருப்பினாலும் அப்படித்தான். யாரும் சொல்லித் தராமலே உடம்பு இதையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. என் விஷயத்தில் பாதம் திரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 9 அங்குல மிதியில் என் பாதம் நேராக நிற்காது. அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இனி நான் விட்ட பெரிய பிழை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் "தேய்மானம்" என்றார்கள். அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம். தேய்மானம் என்று கேட்டதும் மனதில் வருவது டயர், பிரேக் கட்டை, அம்மிக்கல். ஓடினால் தேயும், ஓடாவிட்டால் மிஞ்சும். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு கட்டிலைக் கீழே இறக்கினேன். நாலு மாதம் மாடிப்படியை மிதிக்கவில்லை. கடற்கரை நடையும் நின்றது. நோ குறைந்ததா என்றால் முதல் இரண்டு கிழமை குறைந்தது. பிறகு ஒருநாள் மழையில் உடுப்பு எடுக்க அவசரமாக ஏறி, இறங்கும்போது மூன்றாம் படியில் முழங்கால் மடங்கிவிட்டது. சுவரில் தோள் முட்டி நின்றதால் தப்பினேன்.

உள்ளே நடப்பது டயர்க் கதை அல்ல. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, பாரம் விழுந்து எழும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அது தன் சாப்பாட்டை எடுக்கிறது. நோவைச் சொல்வது கீழேயுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும். அதனால்தான் எக்ஸ்ரேயில் படுமோசமாகத் தெரியும் கால்காரர் சாவகாசமாக நடப்பார், லேசாகத் தெரியும் கால்காரர் நொண்டுவார். இன்னொன்று: மூட்டுக்குள் சிறிது வீக்கம் வந்தாலே முன்தொடைத் தசையை முழுப் பலத்தில் இயங்க விடாமல் நரம்புகள் தடுத்துவிடுகின்றன. தசை சோரும், சோர்ந்த தசை வாளியைப் பிடிக்காது, தொம் கூடும், மூட்டு இன்னும் வீங்கும். நானோ அந்தத் தசைக்கு நாலு மாதம் லீவு கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை இரண்டு தொடைகளையும் சில்லுக்கு மேலே ஒரே தூரத்தில் நாடாவால் அளந்து காட்டினார். வலது, இடதைவிட இரண்டு சென்றிமீற்றர் மெலிவு. நாடா பொய் சொல்லாது என்று நான் எத்தனை கொந்தராத்துக்காரனிடம் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அலுப்பான வேலைகள், நீட்டவில்லை. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. பலகைத் துண்டு போட்டு மூன்று அங்குல உயரத்தில் தொடங்கி, சத்தமில்லாமல் இடக்காலை நிலத்தில் வைப்பது. மனைவிதான் நீதிபதி. குசினியிலிருந்து "கேட்டுது" என்பாள், திரும்பச் செய்வேன். மூன்று அங்குலம் ஆறாக நாலு மாதம் பிடித்தது. எடையில் நாலு கிலோ இறங்கினேன். ஒரு கிலோ குறைந்தால் நடையில் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது, அந்தக் கணக்கு சோற்றைக் குறைக்க உதவியது. படியில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருந்தது. சுவர்ப் பக்கமும் ஜி.ஐ. பைப் போட்டேன். கைத்தடி பிடித்தால் நோகாத பக்கக் கையில் பிடிக்கவேண்டும் என்பதைப் பலர் மாறிச் செய்கிறார்கள், நானும் முதலில் மாறித்தான் பிடித்தேன்.

ஊர் வைத்தியம் எல்லாம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். சித்தாலேப பூசினேன், கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினேன். சூடு பட்டால் அந்தப் பொழுதுக்குச் சுகம்தான், தசை இளகும், அன்றைக்கு இரவு நல்ல நித்திரை. மறுநாள் படி அதே 8 அங்குலம். நோ மாத்திரையை மட்டும் கடையில் வாங்கி விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் அதில் மாட்டும். பூசும் ஜெல் பலருக்குப் போதும், அதையும் டொக்டரிடம் கேட்டே பூசுங்கள். மூட்டு திடீரென்று சிவந்து கொதித்து வீங்கினாலோ, மடக்கவும் நீட்டவும் ஏலாமல் பூட்டுப்போட்டு நின்றாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என்னைப் பார்க்கும் ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்விதான். "படி ஏற ஏலுமோ?" கோயிலில் கேட்பார்கள், கலியாண வீட்டில் கேட்பார்கள். ஏறுவது களைப்பு, அவ்வளவுதான். களைத்தால் நிற்கலாம், மூச்சு வாங்கலாம், நிற்கிற இடத்தில் படி எனக்கு முன்னால் இருக்கிறது, விழுந்தாலும் கைதான் ஊன்றும். இறங்கும்போது முன்னால் வெறும் காற்று. நோவோடு பயமும் சேர்ந்துவிடும். பயந்தவன் காலை விறைக்கிறான், விறைத்த கால் மடங்காது, மடங்காத கால் தொம் என்று விழும். இறங்க ஏலுமோ என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன சிவராத்திரிக்கு அடுத்த கிழமை, சனம் குறைந்த ஒரு காலையில் கோணேசர் கோயிலுக்குப் போனேன். கடைசியாகப் போய் இரண்டு வருடத்துக்கு மேல். பிரட்றிக் கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கி, மான்கள் படுத்திருக்கும் ஏற்றப் பாதையை வேண்டுமென்றே நடந்தேன். போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை, பிறகு ஒல்லாந்தர், பிறகு 1803இல் பிரட்றிக் என்று பெயர் வைத்த ஆங்கிலேயர். இத்தனை பேரும் இந்த மலைக்கு ஏறி இறங்கித்தான் சண்டை பிடித்திருக்கிறார்கள், ஒருவனுக்காவது முழங்கால் நொந்திருக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினேன். நல்ல கால் முன்னே, நோகும் கால் பின்னே. தரிசனம் முடிந்து இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்த்தேன். வெயில் ஏறுகிறது, கல் சூடாகினால் வெறுங்காலோடு இறங்குவது கரைச்சல் என்று கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்பினேன்.

எனக்கு முன்னால் ஓர் அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து இருக்கும். அர்ச்சனைத் தட்டு ஒரு கையில், மற்றக் கை கைப்பிடியில். ஒரு படி, நிற்பு. ஒரு படி, நிற்பு. ஒவ்வொரு தடவையும் தொம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, நோகிற காலை முதல் கீழ வையுங்கோ. ஏறேக்கை நல்ல கால், இறங்கேக்கை நோகிற கால்."

அவர் நின்று, திரும்பி, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ரெண்டும்தான் தம்பி நோகுது. எதை வைக்க?"

என்னிடம் பதில் இல்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு மற்றக் கையைக் கொடுத்தேன். மிச்சப் படிகளை இரண்டு பேரும் நண்டுபோலவே இறங்கினோம்.